முயலின் சாட்சி

சென்ற ஆண்டின் இறுதியில் கீழவைப்பாரிலிருந்து ஒருவரை எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். ஐம்பதுகளின் நடுவில் இருப்பவர். இளமையில் சங்கு குளித்தவர். பிறகு படகில் மீன்பிடிக்கச் சென்றவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவருக்கு முதல் மாரடைப்பு வந்தது. இதயத் தமனியில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டது. இம்முறை வந்தது இரண்டாவது. அவருடைய மாத்திரைப் பையைத் திறந்து பார்த்தோம். இரத்தம் உறையாதிருக்கும் மாத்திரை இருந்தது. இரத்த அழுத்த மாத்திரையும் இருந்தது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை மட்டும் இல்லை. எட்டு மாதங்களுக்கு முன்பே அதை நிறுத்திவிட்டார்.

காரணம் கேட்டோம். மகனின் கைப்பேசிக்கு வந்த ஒரு செய்தியைக் காட்டச் சொன்னார். கொலஸ்ட்ரால் கெடுதி என்பதெல்லாம் முயலை வைத்துச் செய்த சோதனையிலிருந்து வந்த கதை, மருந்துக் கம்பெனிகள் அதைப் பிடித்துக்கொண்டன என்பதே அதன் சாரம். பிறகு அவரே சொன்னார்: “முயலு பச்சப்புல்லு திங்கிறது. அதுக்குக் கொழுப்பக் குடுத்தா கொழாய் அடைக்கத்தான செய்யும். நாம மீன் திங்கிற சனம். அது நமக்கு எப்படி டாக்டர் பொருந்தும்?”

அந்தக் கேள்வியை நாங்கள் குறைகூற மாட்டோம். அது நல்ல கேள்வி. ஆராய்ச்சியாளர்களே ஒரு நூற்றாண்டுக்கு முன்பு தங்களுக்குள் கேட்டுக்கொண்ட கேள்வி. குறை எங்களிடம் இருக்கிறது. வெளிநோயாளர் பிரிவில் வரிசை நீண்டு நிற்கும்போது, “எண்ணெய், கொழுப்பைக் குறையுங்கள், இந்த மாத்திரையை விடாதீர்கள்” என்று அரை நிமிடத்தில் சொல்லி அனுப்புகிறோம். காரணத்தைச் சொல்வதில்லை. நாங்கள் விட்ட இடத்தைக் கைப்பேசிச் செய்தி நிரப்பிக்கொள்கிறது. ஆகவே, அவருக்குப் படுக்கையருகே அமர்ந்து சொன்னதை உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறோம். அடையாளம் தெரியாதிருக்க அவரைப் பற்றிய சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

முயல் என்ன சொன்னது?

1908-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் இக்னதோவ்ஸ்கி என்ற மருத்துவர் முயல்களுக்கு இறைச்சி, பால், முட்டை ஆகியவற்றைக் கொடுத்து வளர்த்தார். அவற்றின் பெருந்தமனிச் சுவர் தடித்துக் கெட்டிருந்தது. இறைச்சியில் உள்ள புரதமே காரணம் என்று அவர் எண்ணினார். அதே நகரில் நிகொலாய் அனிச்கோவ் என்ற இளம் ஆராய்ச்சியாளர் தம் தோழர் கலதோவுடன் சேர்ந்து வேறொரு வழியில் சோதித்தார். தூய கொலஸ்ட்ராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்துச் சில முயல்களுக்குக் கொடுத்தார்கள். வேறு சில முயல்களுக்கு வெறும் சூரியகாந்தி எண்ணெயை மட்டும் கொடுத்தார்கள். 1913-இல் முடிவு வெளிவந்தது. கொலஸ்ட்ரால் உண்ட முயல்களின் தமனிகளில் மஞ்சள் நிறக் கொழுப்புப் படிவுகள் தோன்றின. எண்ணெய் மட்டும் உண்ட முயல்களுக்கு அவை தோன்றவில்லை.

அந்தப் படிவுகளை நுண்நோக்கியில் பார்த்தால் மனிதத் தமனியில் மாரடைப்புக்கு முன் தோன்றும் படிவுகளை வெகுவாக ஒத்திருந்தன. இரத்தத்தில் கொலஸ்ட்ரால் மிகுந்தால் அது தமனிச் சுவருக்குள் நுழைந்து தங்கிவிடுகிறது என்பதை அந்த முயல்களே முதலில் காட்டின.

ஆனால் எலிகளுக்கும் நாய்களுக்கும் அதே உணவைக் கொடுத்தபோது ஒன்றும் ஆகவில்லை. ஆகவே, “முயல் புல் தின்னும் பிராணி, அதன் உடல் கொலஸ்ட்ராலைக் கையாளப் பழகாதது” என்ற மறுப்பு அன்றே எழுந்தது. கீழவைப்பார்க்காரர் கேட்டதும் இதுவே.

மாதிரிச் சிப்பி

நம் கடற்கரை மக்களுக்கு மாதிரி என்பது புதிதன்று. தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், குளிப்பை அறிவிப்பதற்கு முன் முத்துப்பார்களிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, முத்துகளை மதிப்பிட்டுப் பார்ப்பார்கள். கடைசிப் பெரிய குளிப்பு 1961-இல் நடந்தது. அதை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கக்கூடும். ஒரு பாரிலிருந்து எடுத்த சிப்பி அந்தப் பாரைப் பற்றித்தான் சொல்லும். வேறொரு பாரைப் பற்றி அறிய வேண்டுமானால் அங்கேயும் மூழ்கத்தான் வேண்டும்.

ஆராய்ச்சியாளர்களும் அப்படியே மற்ற பார்களில் மூழ்கினார்கள். நாயின் இரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏறாததற்கு அதன் தைராய்டு சுரப்பி சுறுசுறுப்பாக வேலை செய்வது ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஸ்டைனர், கெண்டல் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் கருதினார்கள். தைராய்டை மருந்தால் அடக்கிவிட்டுக் கொலஸ்ட்ரால் மிகுந்த உணவைக் கொடுத்தார்கள். இரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏறியது; நாயின் தமனியிலும் படிவுகள் தோன்றின. இது 1946-இல் வெளிவந்தது. நாய் புல் தின்னும் பிராணியன்று. அதன் தமனிக்கும் பாதுகாப்பு இருக்கவில்லை. அதன் இரத்தம் கொலஸ்ட்ராலைச் சேரவிடாதிருந்ததே பாதுகாப்பு.

முயலைப் பற்றிய மறுப்புக்கு ஒரு முயலே விடை கொண்டுவந்தது. 1973-இல் ஜப்பானின் கோபே நகரில் யோஷியோ வத்தனாபே என்ற கால்நடை ஆராய்ச்சியாளர் தம் பண்ணையில் ஒரு வியப்பான முயலைக் கண்டார். அது உண்டது வழக்கமான முயல் தீவனம்தான். கொழுப்பு எதுவும் சேர்க்கப்படவில்லை. ஆயினும் அதன் இரத்தத்தில் கொலஸ்ட்ரால் மிக அதிகமாக இருந்தது. அதன் வழியில் வந்த முயல்களின் தமனிகள் தாமாகவே அடைபட்டன. காரணம் பரம்பரைக் குறை. இரத்தத்தில் ஓடும் எல்.டி.எல். என்ற கொலஸ்ட்ரால் துகள்களைப் பிடித்து ஈரலுக்குள் இழுக்கும் ஏற்பிகள் அவற்றில் சரியாக இயங்கவில்லை. இதே ஏற்பிக் குறையுடன் பிறக்கும் மனிதக் குழந்தைகளும் உண்டு. பெற்றோர் இருவரிடமிருந்தும் அக்குறையைப் பெற்ற குழந்தைகளுக்குப் பள்ளிப் பருவத்திலேயே மாரடைப்பு வரக்கூடும். இந்த ஏற்பியைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டைன் ஆகிய இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, புல்லா இறைச்சியா என்பது இங்கே முடிவான கேள்வியன்று. எந்த வழியில் ஏறினாலும், இரத்தத்தில் எல்.டி.எல். நீண்ட காலம் மிகுந்திருந்தால் தமனி கெடுகிறது. முயலில் அப்படி, நாயில் அப்படி, குரங்கில் அப்படி, மனிதக் குழந்தையிலும் அப்படியே.

குரங்குகள் இன்னொரு நற்செய்தியையும் தந்தன. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ஆம்ஸ்ட்ராங் குழுவினர் ரீசஸ் குரங்குகளுக்கு முட்டை மஞ்சள்கரு மிகுந்த உணவை 17 மாதங்கள் கொடுத்தார்கள். இதயத் தமனிகள் பெருமளவு சுருங்கின. பின்னர் உணவை மாற்றி 40 மாதங்கள் வளர்த்தார்கள். படிவுகள் கரைந்து குறைந்தன. ஒரு பகுதிக் குரங்குகளுக்குக் கொழுப்புக் குறைந்த உணவும், மறு பகுதிக்குச் சோள எண்ணெய் போன்ற நிறைவுறாக் கொழுப்புள்ள உணவும் கொடுக்கப்பட்டன. இரண்டிலும் முன்னேற்றம் தெரிந்தது. 1970-இல் வந்த இந்த ஆய்வு, தமனி அடைப்பு திரும்பாத பாதையன்று என்று எங்கள் துறைக்கு நம்பிக்கை தந்தது.

எலி சொல்லாதது

முயலை முழுவதும் தள்ளுவது தவறு என்றால், எலியை முழுவதும் நம்புவதும் தவறே. இதற்கான பாடம் நம் நாட்டிலேயே இருக்கிறது.

நீலகிரியின் குன்னூரில் இராபர்ட் மெக்கரிசன் நடத்திய சத்துணவு ஆய்வகம் புகழ்பெற்றது. அதுவே 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளைத் தனித்தனி எலிக் கூட்டங்களுக்குக் கொடுத்து, எந்த எலி நன்றாக வளர்கிறது என்று மெக்கரிசன் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி உண்ட எலிகள் செழித்தன. தீட்டிய அரிசியை முதன்மையாக உண்ட எலிகள் மெலிந்தன. வளர்ச்சிக்கும் வைட்டமினுக்கும் எலி நல்ல சாட்சி.

தமனிக்கு அது நல்ல சாட்சியன்று. எலியின் இரத்தத்தில் கொலஸ்ட்ராலின் பெரும்பகுதி எச்.டி.எல். துகள்களில் இருக்கிறது, நம் இரத்தத்திலோ பெரும்பகுதி எல்.டி.எல். துகள்களில். இந்த வேறுபாடு 1940-களில் நம் நாட்டில் நடந்த வனஸ்பதி விவாதத்தில் கணக்கில் வரவில்லை. வனஸ்பதி உண்ட எலிகளின் மூன்றாம் தலைமுறை குருடாகிறது என்ற செய்தி அப்போது பரவியது. காந்தியடிகள் வனஸ்பதியை எதிர்த்து எழுதினார். பல ஆய்வகங்களில் மீண்டும் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகள் நன்றாகவே வளர்ந்தன, கண்ணும் கெடவில்லை. வனஸ்பதி தீங்கற்றது என்ற எண்ணம் நிலைபெற்றது. நம் இனிப்புக் கடைகளிலும் பரோட்டாக் கல்லிலும் அது இடம்பிடித்தது.

கேட்ட கேள்விக்கு எலி சரியாகவே விடை சொன்னது. கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்கவில்லை. 1990-இல் நெதர்லாந்தில் மென்சிங்க், கட்டான் என்ற இருவர், வனஸ்பதியில் உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பை மனிதர்களுக்கே சில வாரங்கள் உணவில் கொடுத்து அளந்தார்கள். எல்.டி.எல். ஏறியது, நன்மை செய்வதாகக் கருதப்படும் எச்.டி.எல். இறங்கியது. அதன் பிறகு உலகெங்கும் சட்டங்கள் வந்தன. இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்ற வரம்பு 2022 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது.

எலியை மட்டும் நம்பியிருந்தால் ஸ்டாட்டின் மாத்திரையும் நமக்குக் கிடைத்திருக்காது. ஜப்பானில் அகிரா எண்டோ ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பூஞ்சைகளைச் சோதித்து, 1973-இல் கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கும் ஒரு பொருளைக் கண்டார். எலிக்குக் கொடுத்தால் கொலஸ்ட்ரால் குறையவில்லை. ஆராய்ச்சி அதோடு நின்றிருக்க வேண்டியது. முட்டையிடும் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. நாயிலும் குரங்கிலும் குறைந்தது. அந்த வழியில் வந்த மாத்திரைகளைத்தான் இன்று நீங்கள் இரவில் விழுங்குகிறீர்கள்.

இறுதிச் சாட்சி மனிதர்களே. ஸ்காண்டிநேவிய நாடுகளில் இதய நோயுள்ள 4,444 பேரை இரு பிரிவாக்கி ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்தார்கள். 1994-இல் முடிவு வந்தது. வெற்று மாத்திரை உண்ட பிரிவில் 256 பேர் இறந்திருந்தார்கள். சிம்வாஸ்டாட்டின் உண்ட பிரிவில் 182 பேர். அந்த வேறுபாட்டில் முயலுக்குப் பங்கில்லை. எண்ணப்பட்டவை மனித உயிர்கள்.

நம் அடுக்களைக்கு வருவோம்

கொலஸ்ட்ராலால் தமனி கெடும் என்பதில் எல்லாப் பிராணிகளும் ஒரே பக்கம் நிற்கின்றன. எந்த உணவு அதை எவ்வளவு ஏற்றும் என்பதில்தான் பிராணிக்குப் பிராணி வேறுபாடு. அங்கே மனிதர்களிடம் அளந்த ஆய்வுகளையே நாம் நம்ப வேண்டும்.

முதலில் இறாலும் கணவாயும். முயல் சோதனையின் நிழலில் பல வீடுகளில் இவற்றை அடியோடு நிறுத்திவிட்டார்கள். இவற்றில் கொலஸ்ட்ரால் உண்டு. ஆனால் நிறைவுற்ற கொழுப்பு மிகக் குறைவு. முயலைப் போலன்றி, பெரும்பாலான மனிதர்களின் இரத்தக் கொலஸ்ட்ராலை உணவிலுள்ள கொலஸ்ட்ரால் சிறிதளவே உயர்த்துகிறது. நிறைவுற்ற கொழுப்பே கூடுதலாக உயர்த்துகிறது. வாரம் ஒருமுறை குழம்பில் போட்ட இறால் குற்றமன்று. அதே இறாலைக் கடாய் நிறைய எண்ணெயில் பொரித்தால் கணக்கு மாறும்.

சாளை, அயலை, சூரை போன்ற மீன்கள் நமக்கு நன்மை செய்பவை. கொழுப்பு மிகுந்த உணவால் தமனி கெடச் செய்த பன்றிகளுக்கு மீனெண்ணெய் கொடுத்தபோது அடைப்பு குறைந்ததாக 1986-இல் ஓர் ஆய்வு வந்தது. மீனெண்ணெய் மாத்திரைகளை மனிதர்களுக்குக் கொடுத்த ஆய்வுகள் ஒன்றுபோல் பேசவில்லை. ஆனால் வாரம் இருமுறையாவது மீன் உண்பதை உலகெங்கும் இதய மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். கடையில் விலைகொடுத்து மீனெண்ணெய் மாத்திரை வாங்குவதைவிடக் கரையில் கிடைக்கும் சாளையைக் குழம்பு வைத்து உண்ணுங்கள். கருவாட்டில் கொழுப்பைவிட உப்பே கவலை. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் குறைக்க வேண்டும்.

கடலை எண்ணெய்க்கும் இதே கதைதான். 1970-களில் முயலுக்கும் குரங்குக்கும் கொலஸ்ட்ராலுடன் கடலை எண்ணெய் கொடுத்தபோது எதிர்பார்த்ததைவிட அதிகப் படிவுகள் தோன்றின. அச்செய்தி இன்றும் சுற்றுகிறது. மனிதர்களில், நெய்க்கோ பாமாயிலுக்கோ பதிலாக அதைப் பயன்படுத்தும்போது எல்.டி.எல். குறைகிறது. செக்கு எண்ணெயானாலும் சுத்திகரித்த எண்ணெயானாலும் அளவே முக்கியம்.

தேங்காய் எண்ணெய் பற்றி இரு தரப்பும் கத்துகிறார்கள். மனிதர்களிடம் செய்த ஆய்வுகளைத் திரட்டி 2020-இல் வெளிவந்த ஆய்வின்படி, மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் அது எல்.டி.எல்.-ஐ டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் உயர்த்துகிறது. அது நஞ்சன்று, அமுதமும் அன்று. மாரடைப்பு வந்தவர் அதை அன்றாடத் தாளிப்புக்கும் பொரிப்புக்கும் வைத்துக்கொள்ள வேண்டாம். மீன் குழம்பில் சிறிதளவு அரைத்த தேங்காய்க்காக வீட்டில் சண்டையும் வேண்டாம்.

ரேஷன் கடையில் மலிவாகக் கிடைக்கும் பாமாயிலில் ஏறத்தாழ பாதி நிறைவுற்ற கொழுப்பு. “அதை வாங்காதீர்கள்” என்று சொல்வது எங்களுக்கு எளிது. கடலுக்குப் போக முடியாத மாதங்களில் குடும்பம் நடத்துபவர்களுக்கு எளிதன்று. முடிந்தவர்கள் கடலை எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஆகியவற்றுக்கு மாறுங்கள். முடியாதவர்கள் அளவைக் குறையுங்கள். பொரிப்பதை விட்டுக் குழம்பு வையுங்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நலமுள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 27 கிராம் எண்ணெய், கொழுப்பு என்று தட்டு வகுத்திருக்கிறது. நால்வர் உள்ள வீட்டுக்கு அது மாதம் மூன்றரை லிட்டர், அதுவே மேல்வரம்பு. இதய நோயாளி உள்ள வீட்டில் அதற்கும் கீழே இருப்பதே நலம்.

ஒருமுறை பொரித்த எண்ணெயை மறுநாளும் அதற்கு மறுநாளும் காய்ச்சுவதை நிறுத்துங்கள். பரோட்டாவும் சால்னாவும் வாரம் ஒரு நாள் என்றால் மன்னிக்கலாம். இரவுதோறும் என்றால் மாத்திரை மட்டும் தனியே போராட முடியாது.

எங்கள் வேண்டுகோள்

மாரடைப்பு வந்தவரின் எல்.டி.எல். 70-க்குக் கீழே, இயன்றால் 55-க்கும் கீழே இருக்க வேண்டும். உணவுக் கட்டுப்பாடு மட்டும் பெரும்பாலோரை அங்கே கொண்டுசேர்ப்பதில்லை. ஆகவேதான் மாத்திரை. அதனால் தசைவலி போன்ற தொல்லை வந்தால் எங்களிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள். கைப்பேசியில் ஒரு செய்தி வந்து ஐயம் எழுந்தால், அந்தச் செய்தியையே எடுத்துக்கொண்டு வாருங்கள். உங்களோடு அமர்ந்து அதைப் படிக்க நாங்கள் கடமைப்பட்டவர்கள்.

கீழவைப்பார்க்காரர் பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத்தின் ஒரு பகுதித் தசை மீளவில்லை. படகேறிப் பாடுபடும் வலு இனி வராது. இப்போது கரையில் அமர்ந்து வலை சீர்செய்கிறார். சென்ற வாரம் வந்தபோது மாத்திரை அட்டையைத் தானே எடுத்துக் காட்டினார். ஒன்றும் விடுபடவில்லை. அவருடைய மனைவி எங்களிடம் கேட்டார்: “இந்த முயல் வெவரத்தெ அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா, டாக்டர்?”

சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கடனைத் தீர்க்கவே இதை எழுதினோம்.